துடைத்த கன்னம்

விடிந்தபோது, கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கும் பாலன் சாப்பாட்டு மேசையில் கிடந்தார். கூடைக்குள், வைக்கோலின் மேல், யாராவது தூக்கிக்கொள்ள மாட்டார்களா என்பதுபோல் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு. இடது கன்னத்தில் ஐந்து ரூபாய் நாணயக் குற்றி அளவுக்கு வர்ணம் உரிந்து, உள்ளே இருந்த சாந்து வெள்ளையாகத் தெரிந்தது.

பிரசாந்தினி கதவுநிலையில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தை மூட்டம் மூடியிருந்தது. இன்னும் எழுதப்படாத ஒரு தாளைப்போல் இருந்தது ஜன்னல். அதில் எதுவும் நடந்திராததுபோல் தொடங்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு அந்தக் கன்னம் மறுபடியும் கண்ணில் பட்டது.

சென்ற வார அத்தியாயத்தில் நாம் கரோல் கூட்டத்தை, முந்தின இரவில், மேல் லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், கடைசிக் காம்பரா வாசலில் விட்டுவந்தோம். அங்கே கொழுந்து பறிக்கும் தனலெட்சுமி இவர்களுக்காகக் காத்திருந்தார். அவர் மாரியம்மனுக்கு விரதம் இருக்கிறவர். ஆனாலும் அவருடைய மகள் கலாராணி பத்து வயதிலிருந்து ஆலயப் பாடகர் குழுவில் பாடுகிறாள். அதனால் ஒவ்வொரு நத்தாருக்கும் அந்த வாசலில் கோலமும் இஞ்சித் தேநீரும் உண்டு.

மற்ற வீடுகளில் எல்லோரும் பாலனின் பாதத்தை முத்தமிட்டார்கள். தனலெட்சுமி முகத்தைப் பார்த்தார்.

"இந்தப் பனியில புள்ளைய இப்படித் தெறந்து போட்டா தூக்கிட்டு வாறது? ஊரு கண்ணு பூரா இது மேலதான்."

சொல்லிக்கொண்டே உள்ளே போனவர், கைக்குழந்தைகளுக்கு வைக்கும் மைச்சிமிழோடு வந்தார். யாரும் யோசிப்பதற்குள் பாலனின் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு வைத்துவிட்டார்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கூடையைப் பிடித்திருந்தவள் பிரசாந்தினி. பாடகர் குழுவின் தலைவியான அவளுடைய அம்மா ஜெபராணி டீச்சர் எதுவும் சொல்லவில்லை. மகளை ஒரு பார்வை பார்த்தார். பத்தொன்பது வருடங்களாக அந்தப் பார்வைக்குப் பழகிய கை, பிரசாந்தினியைக் கேட்காமலே கைக்குட்டையை எடுத்துப் பொட்டைத் துடைத்தது. தனலெட்சுமியின் விரலில் மை இன்னும் காய்ந்திருக்கவில்லை.

மை முழுதாகப் போகவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல் எஞ்சியது. வீட்டுக்கு வந்ததும் டீச்சர் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தார். தீற்றல் போனது. கன்னமும் போனது.

இப்போது டீச்சர் கூடத்தில் நின்று பங்குத்தந்தையுடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். இளவாலையிலிருந்து ஆசிரிய நியமனம் பெற்று இந்த மலைக்கு வந்து இருபது வருடம் தாண்டியும், பேச்சில் யாழ்ப்பாணம் ஓர் இழைகூடக் குறையவில்லை.

"ஓம் பாதர்... இல்லை, விழேல்லை. மேல் லயத்தில மை வைச்சுப்போட்டினம். ஓம், தனலெட்சுமிதான். கன்னத்தில பெயின்றும் போயிட்டுது... இல்லைப் பாதர், கோவம் என்னத்துக்கு? தெரியாத்தனமாச் செய்திருப்பா. நாங்கள் மன்னிக்கத்தானே வேணும்."

'மன்னிக்க' என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் பிரசாந்தினி கூடத்துக்குள் வந்தாள்.

"அம்மா, பெயின்ற் போனது மையால இல்லையே."

"நான் என்ன பொய்யே சொன்னனான்? மை வைச்சவ எண்டன். பெயின்ற் போயிட்டுது எண்டன். ரெண்டும் உண்மைதானே."

"ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சனீங்கள்."

சமையலறையில் நத்தார் கேக்கை வெட்டிக்கொண்டிருந்த அப்பா மரியநாயகம் தலையை நீட்டினார். தோட்டத்து டிஸ்பென்சரி அவருடைய பொறுப்பு. "மருந்தும் உப்பிடித்தான் பிள்ளை. தனித்தனியாக் குடுத்தா ஒண்டும் செய்யாது. ரெண்டையும் கலந்து குடுத்தா ஆளை முடிச்சுப்போடும்."

"நீங்கள் கேக்கை ஒழுங்கா வெட்டுங்கோ. துண்டெல்லாம் செங்கல்லு மாதிரிக் கிடக்கு" என்றார் டீச்சர். பிறகு மகளிடம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "இருபது வருசமா இந்தக் குழுவை நடத்துறன். ஒருத்தரும் ஒரு குறை சொல்ல விட்டதில்லை. பாலன்ர முகத்தை நான் கெடுத்தனான் எண்டு இண்டைக்குச் சொல்லச் சொல்லுறியோ? நத்தாருக்கு முதல் நாளும் அதுவுமா?"

பிரசாந்தினி நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. தூங்கவில்லை போலும்.

"பண்டாரவளையில பெயர்ப்பலகை எழுதுற றஹீம் நானாட்டைக் கொண்டு போ. கன்னத்துக்கு மட்டும் பூசித் தரச் சொல்லு. பின்னேரம் அஞ்சு மணிக்கு முந்திக் குடிலுக்கு வந்திரவேணும்."

*

ஹல்துமுல்லையில் ஏறியபோது பஸ் நிறைந்து வழிந்தது. நத்தாருக்கு ஊர் திரும்புகிறவர்கள், கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் பையன்கள், அட்டைப்பெட்டிகள், ஒரு பெட்டிக்குள்ளிருந்து கேட்ட கோழிச் சத்தம். பிரசாந்தினி பாலனைப் பூத்துவாலையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கம்பியில் தொங்கினாள்.

முன்னாசனத்தில் இருந்த சிங்களப் பெண்மணி அவளைக் கண்டதும் எழுந்துவிட்டார். வயதானவர். முழங்காலில் வலி இருப்பது எழுந்த விதத்திலேயே தெரிந்தது.

"வாடிவென்ன துவே" என்று ஆசனத்தைத் தட்டிக் காட்டினார். உட்காரச் சொல்கிறார்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள் பிரசாந்தினி. என்ன காரணம் சொல்வது? இது குழந்தையில்லை, சுரூபம் என்றா? பின்னாலிருந்து ஒருவர் தள்ள, உட்கார்ந்துவிட்டாள்.

"பபாட்ட அசனீபத?" பிள்ளைக்குச் சுகமில்லையா என்று கேட்டார் அந்தப் பெண்மணி.

பிரசாந்தினி தலையாட்டினாள். ஆமாவா, இல்லையா என்று அவளுக்கே தெரியாத ஓர் ஆட்டல். அந்தப் பெண்மணி குனிந்து, ஜன்னல் காற்றுப் படாமல் துவாலையின் ஓரத்தை இழுத்து மூடிவிட்டார். பெரகலை ஏற்றம் முழுவதும், பஸ் திரும்பும்போதெல்லாம் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறுகையை அந்தப் பொட்டலத்துக்கு அருகில் அணைவாக வைத்துக்கொண்டே வந்தார். ஹப்புத்தளையில் இறங்கும்போது அந்தத் துவாலையைப் பார்த்துத் தனக்குள் ஏதோ சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

எல்லோருக்கும் இது பிள்ளையாகத் தெரிகிறது என்று நினைத்தாள் பிரசாந்தினி. அம்மாவுக்கும் எனக்கும்தான் பொருளாகத் தெரிந்திருக்கிறது. முகம் சுட்டது. வெளியே பள்ளத்தாக்கில் மேகம் வெள்ளைக் கடலாகக் கிடந்தது. கரையே இல்லாத அந்தக் கடலில் பஸ் நேராக இறங்கிப் போய்விட்டால் நல்லது என்று அவளுக்கு இருந்தது.

*

றஹீம் நானா ஒரு பழக்கடைப் பலகையில் 'அன்னாசி' எழுதிக்கொண்டிருந்தார். துவாலையை விலக்கியதும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுத் துணியில் கையைத் துடைத்தார்.

"இரிங்க புள்ள. முதல்ல இவர வைக்க ஒரு இடம் பாப்பம்."

மேசையிலிருந்த வர்ண டப்பாக்களை ஒதுக்கினார். புதுத் தாள் ஒன்றை விரித்தார். அதன் மேல் வைக்கும்படி கையால் காட்டினார். அவர் தொடவில்லை. குனிந்து கன்னத்தைப் பார்த்தார்.

"புள்ள, மனசில ஒண்டும் நெனைக்க வேணாம். நான் எழுத்து மட்டுந்தான் எழுதுறது. முகம் வரையுறதில்ல. எங்கட மார்க்கத்தில அப்படி. அதுவும் இது நீங்க கும்புடுறது. என்ட கைய வைக்க எனக்குச் சரியில்ல."

"பரவாயில்லை நானா..."

"பொறுங்க. ஏலாதுன்னு சொல்லி அனுப்பவா போறன்? கலர் நான் கலந்து தாறன். தூரிகை இந்தா இருக்கு. நீங்க பூசுங்க. கையி நடுங்கினாச் சொல்றன்."

அவர் வெள்ளையில் சிவப்பைத் துளித்துளியாகக் கலந்தார். மறுப்பது என்றால் இப்படியும் மறுக்கலாமா என்று பிரசாந்தினிக்கு வியப்பாக இருந்தது. அவர் முடியாது என்று சொன்ன பிறகும் அவள் மதிப்புக் குறையாமல் அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"இது எப்படி ஆச்சு?" என்று கேட்டார் அவர்.

"மேல் லயத்தில ஒரு ஆன்ட்டி மை வச்சிட்டாங்க."

சொன்னவுடன் தன் வாயிலிருந்து அம்மாவின் குரலைக் கேட்டாள். வார்த்தையில் பொய்யே இல்லை. அத்தனை சுத்தமாக இருந்தது.

றஹீம் நானா சிரித்தார். "புள்ளைக்கு வைக்கிற மையா? எங்கட வீட்டில பலீலாவும் பேத்திக்கு வைக்கிறவதான். நான் ஏசுறன், கேக்க மாட்டா. 'ஒங்கட கண்ணுதான் முதல்ல படும்'ங்கிறா." கலக்குவதை நிறுத்திப் பாலனைப் பார்த்தார். "பாவம். ஆசையில வச்சிருப்பா."

பிரசாந்தினி தூரிகையை எடுத்தாள். கை நடுங்கியது. அவர் சொல்லவில்லை.

பூசி முடித்தபோது இடது கன்னம் மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. யாரோ அறைந்துவிட்டுப் போனதுபோல.

"கொஞ்சம் மஞ்சள் சேப்பமா?"

"போதும் நானா" என்றாள். இந்த நிறம்தான் சரி என்று ஏனோ பட்டது.

*

திரும்பும் பஸ்ஸில் கைபேசியைத் திறந்தாள். கரோல் குழுவின் வாட்ஸ்அப்பில் எண்பதுக்கு மேல் செய்திகள் குவிந்திருந்தன.

கிட்டார் வாசிக்கும் நிஷாந்த்தான் தொடங்கியிருந்தான். 'சாமிக்கே கண்ணு பட்டிருமாம்ப்பா, மை வச்சிருக்காங்க.' அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக. 'அடுத்த வருசம் தாயத்து.' 'மந்திரிச்ச மையா இருக்கும், பெயிண்டே உரிஞ்சிருக்கே.' 'பாதர் ரொம்ப மனவருத்தப்பட்டாராம்.' 'நம்ம டீச்சர்தான் மன்னிச்சு விட்டிருக்காங்க, பெரிய மனசு.'

அதற்குக் கீழே, யாரும் எதுவும் எழுதாத ஒரு வரி. கலாராணி குழுவை விட்டு வெளியேறிவிட்டாள்.

பிரசாந்தினி தன் பெயரை அந்தச் செய்திகளில் தேடினாள். இல்லை. அவள் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. காலையிலிருந்து அவள் செய்துகொண்டிருந்த வேலையே அதுதான்.

சந்தியில் இறங்கியதும் வீட்டுப் பக்கம் போகாமல் மேல் லயத்துப் படியில் ஏறினாள். போன மாத மழையில் சரிந்த மண்மேட்டைக் கறுப்புப் பொலித்தீனால் மூடி மேலே கற்கள் வைத்திருந்தார்கள். அதைச் சுற்றித்தான் நடக்கவேண்டியிருந்தது.

அன்று அரைநாள் வேலை. தனலெட்சுமி வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். கலாராணி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள்தான் முதலில் பார்த்தாள்.

"வாங்க டீச்சர் மகளே! தொடைக்க இன்னும் ஏதும் மிச்சம் இருக்கா?"

"கலா..."

"வாசல்ல நேத்துப் போட்ட கோலம் கெடக்கு. அதையும் தொடைச்சிட்டுப் போங்க. கைக்குட்ட கொண்டாந்தீங்கள்ல?"

"சும்மா இருடி" என்று தனலெட்சுமி கத்தியைக் கீழே போட்டார். "வீடு தேடி வந்தவங்ககிட்ட இப்படியா பேசுவ? உள்ள வாங்க பாப்பா. தேத்தண்ணி ஊத்துறேன்."

எப்போதும் 'வா பாப்பா' என்று சொல்கிறவர். இன்று 'வாங்க' என்றார். பிரசாந்தினி வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். அவளுடைய கைகளில் துவாலைப் பொட்டலம் கனத்தது.

"மன்னிச்சிருங்க ஆன்ட்டி."

தனலெட்சுமி சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்தார்.

"காலையில பெரட்டுல வேலைக்குப் பேர் குடுக்க நிக்கிறேன். ஒரே சிரிப்பு. 'என்ன தனம், நம்ம சாமிக்கெல்லாம் செஞ்சு முடிஞ்சு இப்ப அவங்க சாமிக்கும் மை வைக்கப் போயிட்டியா'ன்னு. கங்காணியும் சேந்து சிரிக்கிறாரு. சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். அது பெரிசில்ல." அவர் பொட்டலத்தைப் பார்த்தார். "அது சாமின்னு எனக்குத் தெரியாதா பாப்பா? தெரியும். ஆனா நீங்க புள்ளையாத்தானே தூக்கிட்டு வந்தீங்க?"

பிரசாந்தினியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"வைக்கக்கூடாதுன்னா கழுவிக்கலாம். ஒங்க சாமி, ஒங்க வழக்கம். நான் கேக்கவா போறேன்? நான் கதவச் சாத்துற வரைக்கும் பொறுத்திருக்கலாம்ல?"

அப்போதுதான் பிரசாந்தினி எல்லாவற்றையும் சொன்னாள். சாம்பல் தீற்றலை, அம்மா பஞ்சால் தேய்த்ததை, வர்ணம் உரிந்ததை. வேகவேகமாகச் சொன்னாள்.

"அப்ப பாதர்கிட்ட எங்கம்மாதான் கெடுத்தாங்கன்னு சொன்னது யாரு?" கலாராணி ஈரச் சட்டையை முறுக்கிப் பிடித்தபடி கேட்டாள்.

பிரசாந்தினி துவாலையின் ஓரத்தை இழுத்து மூடினாள்.

"சொல்லும்போது நீ பக்கத்துல நின்னியா?"

"நின்னேன்."

"நின்னு?"

"ஒண்ணும் சொல்லல."

தனலெட்சுமி பிளந்த விறகின் மேல் மெல்ல உட்கார்ந்தார். "டீச்சரா?" என்றார். மறுபடியும், தனக்குத்தானே கேட்பதுபோல், "டீச்சரா அப்படிச் சொன்னாங்க?"

கோபமாக இருந்திருந்தால் பிரசாந்தினி தாங்கியிருப்பாள். ஆனால் அந்தக் குரலில் கோபம் இல்லை. ஏழு வருடமாக மகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஒருவரைப் பற்றித் தன்னிடம் இருந்த மதிப்பை அவர் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்குப் பூசையில நான் பாடல. வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு" என்றாள் கலாராணி. அம்மாவைக் கைப்பிடித்து எழுப்பி உள்ளே கூட்டிப்போனாள். கதவு சாத்தப்பட்டது.

*

ஆலயத்தில் பாலன்குடில் தயாராகிக்கொண்டிருந்தது. பாசியும் பன்னம் என்னும் பெரணித் தழையும் பரப்பி, மூங்கிலில் கூரை போட்டிருந்தார்கள். ஜெபராணி டீச்சர் முழந்தாளில் இருந்து வைக்கோல் பரப்பினார். பங்குத்தந்தை அருகே நின்றார். முன்வரிசையில் நிஷாந்த் கிட்டாரைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தான். பாடகர் குழுவில் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள்.

டீச்சர் பாலனை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "கொஞ்சம் சிவப்புக் கூடிப்போச்சு. தூரத்துக்கு விளங்காது."

"அடுத்த வருசம் ஒரு கண்ணாடிப் பெட்டி செஞ்சிருவோம் பாதர்" என்றான் நிஷாந்த். "மேல் லயத்துக்குப் போறப்ப பூட்டிக் கொண்டுபோகலாம்."

சிரிப்பு எழுந்தது.

"அந்த அம்மா மேல யாரும் கோபப்படாதீங்க. தெரியாமல் செய்தது" என்றார் பங்குத்தந்தை.

"பாதர்" என்றாள் பிரசாந்தினி. குரல் உடைந்து, மறுபடி சேர்ந்தது. "பெயின்ற் போனது மையால இல்லை. நகப்பூச்சு அழிக்கிறதைப் போட்டுத் தேய்ச்சதால போனது. எங்கட வீட்டில வைச்சு."

வைக்கோலில் டீச்சரின் கை நின்றது.

"யார் தேய்த்தது?" என்று கேட்டார் பங்குத்தந்தை.

பிரசாந்தினி அம்மாவைப் பார்த்தாள். முகம் தெரியவில்லை. குனிந்த கழுத்துத்தான் தெரிந்தது. நத்தாருக்கென்று முந்தாநாள் கறுப்புப் பூசிய தலைமுடி. பூச்சு எட்டாமல் பிடரியில் விட்டுப்போன நாலைந்து வெள்ளை மயிர்கள். இருபது வருடம் ஒருவரும் குறை சொல்லாத கழுத்து.

உண்மையைச் சொல்லத்தான் வந்தாள். நாக்கின் நுனிவரை அது வந்துமிருந்தது.

"நான்தான்" என்றாள்.

டீச்சருக்கு நேரம் இருந்தது. ஒரு சொல் சொல்ல, தலையை நிமிர்த்த, இல்லையென்று கையை அசைக்க. பிரசாந்தினி காத்திருந்தாள். டீச்சர் ஒரு வைக்கோலை எடுத்து, அது ஏற்கெனவே இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

பங்குத்தந்தை பெருமூச்சு விட்டார். "சொன்னது நல்லது பிள்ளை." பிறகு டீச்சரிடம் திரும்பினார். "டீச்சர், பிழை மகளுடையது. ஆனால் குழுவுக்குத் தலைவி நீங்கள். நாங்கள் எல்லோரும் காலையிலிருந்து அந்தம்மா பெயரைக் கெடுத்திருக்கிறோம். நானும்தான். நீங்கள் இப்போதே போய்க் கூப்பிட்டால்தான் அந்த வீட்டுக்கு மரியாதை. அவர்கள் வந்த பிறகு குடிலை மந்திரித்து ஆசீர்வதிப்போம்."

நிஷாந்த் கிட்டாரின் மேல் குனிந்து, சுருதி சேர்ந்துவிட்ட தந்தியை மறுபடியும் முறுக்கினான்.

*

மேல் லயத்துப் படிகளில் தாயும் மகளும் ஏறினார்கள். டீச்சர் பூசைக்கென்று வாங்கிய ஊதாச் சேலையில் இருந்தார். சேற்றில் படாமல் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீ?"

"தெரியேல்லை அம்மா."

"நான் அங்கேயே சொல்லியிருப்பன். நீ முந்திட்டாய்."

பிரசாந்தினி அடுத்த படியில் ஏறினாள். அந்தப் பொய்யையும் அம்மா தன்னிடமே சொல்லிக்கொள்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. பொலித்தீன் மேட்டருகே அவள் நின்றாள்.

"அம்மா, அவைக்கு ஏற்கெனவே..."

"பேசாமல் வா. நான் கதைக்கிறன்."

இருட்டத் தொடங்கியிருந்தது. டீச்சர் கதவைத் தட்டினார். லயத்தின் மற்றக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அடுப்பை விட்டுவந்த பெண்கள் வாசல்களில் நின்றார்கள்.

தனலெட்சுமி வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் அரையிருட்டில் கலாராணி.

"வாங்க டீச்சர்."

"தனலெட்சுமி, நேற்று நடந்ததுக்கு... பிள்ளை தெரியாமல்..."

தனலெட்சுமி டீச்சரைப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற பிரசாந்தினியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேள்வியும் இல்லை, வியப்பும் இல்லை. ஒரு தாய் இன்னொருத்தியின் பிள்ளைக்காக இரங்குவது மட்டும் இருந்தது. உள்ளே கலாராணி ஒருதரம் சிரித்தாள். கசப்பான, சின்னச் சிரிப்பு.

டீச்சரின் வாய் பாதியில் நின்றது. ஊதாச் சேலையின் கொசுவம் கையிலிருந்து நழுவிச் சேற்றில் விழுந்தது.

"பிள்ளை இல்லை" என்றார். "நான். நேற்றுத் துடைக்கச் சொன்னதும் நான்தான். வாயால சொல்லேல்லை, கண்ணால சொன்னனான். பெயின்றை உரிச்சதும் நான். பிறகு பாதருக்கு உங்கட பேரைச் சொன்னதும்..." சேற்றில் விழுந்த சேலையை அவர் தூக்கவில்லை. "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

இருபது வருடத்தில் தனலெட்சுமியை அவர் ஒருநாளும் அப்படிப் பன்மையில் அழைத்ததில்லை.

"தெரியும் டீச்சர்."

"ஆர் சொன்னது?"

"ஒங்க மகதான். மத்தியானமே வந்து எல்லாத்தையும் சொல்லிட்டுப் போச்சு."

டீச்சர் மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தார். இங்கே உண்மையைச் சொல்லிவிட்டுக் கீழே வந்தவள், அத்தனை பேருக்கு முன்னால் அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். ஏன் என்று தெரிந்தது. அப்போது, அதை வாங்கிக்கொண்டு, ஒரு வைக்கோலைச் சரிசெய்துகொண்டிருந்தது யார் என்பதும் தெரிந்தது. மகளின் முகத்தைத் தொடக் கையைத் தூக்கினார். தொடும் தைரியம் வரவில்லை.

"அங்க போயி தன் தலையில போட்டுக்கிச்சா?" என்று தனலெட்சுமி மெதுவாகக் கேட்டார். யாரும் பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை. "பாவம் புள்ள."

வாசல்களில் நின்ற பெண்கள் ஒருவரும் அசையவில்லை.

"நீங்கள் ரெண்டு பேரும் வருவியளோ?" என்றார் டீச்சர். பாடம் கேட்கும் மாணவியின் குரலாக இருந்தது அது.

தனலெட்சுமி கதவில் கையை ஊன்றிக்கொண்டு கீழே பார்த்தார். மூட்டத்துக்குள் ஆலயத்தின் கூரை மட்டும் தெரிந்தது.

"நாங்க வர்றது கெடக்கட்டும் டீச்சர்" என்றார். கேலியில்லை. உண்மையிலேயே கவலைப்பட்டுத்தான் கேட்டார். "நீங்க எப்படித் திரும்பிக் கோயிலுக்குள்ள போவீங்க?"